தலைகீழாகப் படித்த எண்

2021 மே மாதக் கடைசியில், தளர்வுகளற்ற முழு ஊரடங்கு நடந்துகொண்டிருந்த நாள்களில், எங்கள் ஊர்ச் சாலையில் திறந்திருந்த ஒரே கடை என்னுடைய மருந்துக்கடைதான். ஆலங்குளத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றித்தான் குடும்பம் நடக்கிறது. காய்கறிகூட வண்டியில்தான் தெருவுக்கு வந்தது. அப்படியொரு நாள் இரவு எட்டு மணிக்கு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு பீடித் தொழிலாளி அழைத்தார். அவருடைய கணவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியாகி ஐந்தாவது நாள். வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்க, கடையிலிருந்து நான் இரவலாகக் கொடுத்திருந்த ஆக்சிமீட்டரில் காலையிலிருந்து பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, 98தான் காட்டுது. ஆனா அவுகளுக்கு மூச்சு வாங்குதே" என்றார்.

98 என்றால் கவலையில்லை, பயத்தில் மூச்சு வேகமாக வாங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏதோ ஒரு தயக்கத்தில், கருவியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அரை நிமிடத்தில் படம் வந்தது. கணவர் படுத்திருக்க, அவருக்கு எதிரே அமர்ந்து எடுத்த படம். விரலில் மாட்டிய கருவியில் ஆங்கில எழுத்துகள் எல்லாம் தலைகீழாக இருந்தன. நான் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தேன். அது 98 இல்லை, 86.

இந்தக் கருவிகளில் எண்கள் கோடுகோடாகத் தெரியும். 8-ஐத் தலைகீழாகப் பார்த்தாலும் 8-தான். 6 மட்டும் 9 ஆகிவிடும். ஆகவே எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு 86 என்பது 98 ஆகத் தெரியும். 94-க்குக் கீழே இறங்கினாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற நிலையில், 86 என்பது ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாத எண். 108-ஐ அழைத்தோம். படுக்கை கிடைக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. பதினோரு நாள் கழித்து அவர் வீடு திரும்பினார்.

மின்னணு வழியாக வரும் உடல்நலத் தகவலைத் தேடவும் புரிந்துகொள்ளவும் எடைபோடவும் பயன்படுத்தவும் ஒருவருக்கு இருக்கும் திறனைப் பற்றி அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் நிறையப் பேசப்பட்டது. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண்ணிடம் கைப்பேசி இருந்தது, இணையம் இருந்தது, படமெடுத்து அனுப்பத் தெரிந்திருந்தது, 94 என்ற எல்லையும் தெரிந்திருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாததால், எழுத்துகள் தலைகீழாக இருப்பது அவர் கண்ணில் படவில்லை. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதைக் கருவியைக் கையில் கொடுத்த நான் சொல்லவில்லை. அது எனக்கு அவ்வளவு இயல்பாகத் தெரிந்த விஷயம் என்பதால், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தவறு என்னுடையது. படித்தவர்கள் வடிவமைத்துப் படித்தவர்கள் கொடுக்கும் எல்லாவற்றிலும் இந்தத் தவறு ஒளிந்திருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

கனடாவைச் சேர்ந்த நார்மன், ஸ்கின்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்தத் திறன் தனியான ஒன்றல்ல. எழுதப் படிக்கத் தெரிவது, தகவலைத் தேடத் தெரிவது, ஊடகத்தைச் சந்தேகிக்கத் தெரிவது, உடல்நலம் பற்றிய அறிவு, கணினிப் பழக்கம், அறிவியல் எப்படி இயங்குகிறது என்ற புரிதல் என ஆறும் சேர்ந்தது அது என்பது அவர்களுடைய கருத்து. இதை அளக்க எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் அவர்களே உருவாக்கினார்கள். இன்றுவரை உலகெங்கும் அதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அந்த அளவுகோல் ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் கேட்கிறது. பயனுள்ள தகவல் இணையத்தில் எங்கே கிடைக்கும் என்று தெரியுமா என்று கேட்டால், எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் தயங்காமல் தெரியும் என்பார்கள். நாளுக்கு நாற்பது செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறதே! தெரியும் என்ற நம்பிக்கையும் தெரிந்திருப்பதும் வேறுவேறு என்பதை, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் தினமும் பார்த்தேன்.

இரண்டாம் அலையில் என்னிடம் அதிகம் வந்தது மருந்துச் சீட்டு அல்ல, மருந்துச் சீட்டின் படம். யாரோ ஒரு மருத்துவர் யாரோ ஒரு நோயாளிக்கு எழுதிக் கொடுத்ததைப் படமெடுத்து, "கொரோனாவுக்கு இதுதான் மருந்து, அனைவருக்கும் பகிரவும்" என்று போட்டு, கைமாறிக் கைமாறி எங்கள் ஊர்வரை வந்திருக்கும். அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ஐவர்மெக்டின், அவற்றுடன் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே அதைக் கேட்டு வந்து நிற்பார்கள். டெக்சாமெத்தசோன் உயிர் காத்த மருந்துதான், அதில் ஐயமில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய ஆய்வு 2020 ஜூனில் அதை உறுதி செய்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் சொன்னது. கைமாறி வந்த படத்தில் முதல் பாதி இருந்தது, இரண்டாம் பாதி இல்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் ஸ்டீராய்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதை, அந்த மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை நோயாளிகளின் எண்ணிக்கை நாடு முழுவதும் ஏறியபோது எல்லோரும் பார்த்தோம்.

கொடுக்க முடியாது என்று மட்டும் சொன்னால் அவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். அதனால் நான் வேறொன்று செய்தேன். அவர்கள் கைப்பேசியில் இருக்கும் படத்தையும், என் கடையில் இருக்கும் ஓர் உண்மையான சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சீட்டின் மேலே நோயாளியின் பெயர், வயது, தேதி. கீழே மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண். படத்தில் மேல்பகுதி வெட்டப்பட்டிருக்கும். "இது யாருக்கு எழுதினது? எத்தனை வயசு? என்னைக்கு எழுதினது?" என்று கேட்பேன். அவர்களே படத்தைப் பெரிதாக்கித் தேடுவார்கள். கிடைக்காது. ஒரு பெண் சட்டென்று சொன்னார்: "பேரு போடாத கணக்குப் புத்தகத்துக்கு பீடிக் கடையில துட்டு தருவானா?" எனக்குப் பெரிய வெளிச்சம் அது. இலை எவ்வளவு வாங்கினோம், பீடி எவ்வளவு கொடுத்தோம், எதைக் கழித்தார்கள் என்று தன் கணக்கை வரிவரியாகச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் இந்தப் பெண்கள். சந்தேகப்படும் திறன் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கைப்பேசித் திரையில் வருவதையும் அப்படிச் சந்தேகிக்கலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு எந்தச் செய்தி வந்தாலும் "பேரு இருக்கா, தேதி இருக்கா" என்பது எங்கள் தெருவில் வழக்கச் சொல்லாகிவிட்டது.

எல்லாம் இவ்வளவு எளிதாக முடிந்ததாக எழுதினால் அது பொய். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களுக்குத் தயக்கம் நீங்க வேண்டும் என்பதற்காகவே அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துப் பேசிய மனிதர் அவர். ஏப்ரல் 17 அதிகாலையில் மாரடைப்பில் காலமானார். இதயத்தின் முக்கிய இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது என்று மருத்துவர்கள் அப்போதே விளக்கினார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அறிவித்ததோ அக்டோபரில். இடையில் ஆறு மாதம். "ஊசி போட்டா ரெண்டு நாள்ல போயிரும்" என்ற குரல்பதிவு எங்கள் ஊருக்கு வர ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் குரலில் பயம் இருந்தது, அழுகை இருந்தது, எங்கள் பக்கத்துப் பேச்சு இருந்தது. மறுப்பு வந்ததோ, படமாக ஒட்டிய ஆங்கில அறிக்கையாக. பீடி சுற்றும் பெண்ணின் இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். காதுதான் ஓய்வாக இருக்கும். காதுக்கு வந்த பொய்க்குக் கண்ணுக்கு வந்த மறுப்பு எப்படி ஈடாகும்?

இதைப் புரிந்துகொண்டவர் எங்கள் கிராம சுகாதார செவிலியர். அவர் எதையும் தட்டச்சு செய்யவில்லை. தன் சொந்தக் குரலில், "நான்தான் பேசுறேன்" என்று தொடங்கி ஒன்றரை நிமிடம் பேசி அனுப்பினார். பதினைந்து ஆண்டுகளாக இந்த ஊரின் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஊசி போட்டவர் அவர். எனக்கு ஜனவரியிலேயே போட்டுவிட்டார்கள், முதல் நாள் காய்ச்சலும் கைவலியும் இருந்தன, அடுத்த நாள் வேலைக்கு வந்துவிட்டேன் என்று சொன்னார். எந்த மருத்துவச் சொல்லும் இல்லை. அந்தப் பதிவு சுய உதவிக் குழுக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அதைக் கேட்டு எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று என்னால் எண்ணிச் சொல்ல முடியாது. கடைக்கு வந்து, "நர்ஸ் அக்கா சொன்னாவளே" என்று தொடங்கியவர்கள் பலர்.

அறிவியல் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும்போது என்ன செய்வது என்பது இன்னொரு சிக்கல். கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு முதலில் 4 முதல் 6 வாரம் என்றார்கள், மார்ச்சில் 6 முதல் 8 வாரம் என்றார்கள், மே 13-இல் 12 முதல் 16 வாரம் என்றார்கள். ஊசி இருப்பு இல்லை, அதனால்தான் நாளைத் தள்ளுகிறார்கள் என்று ஊரே பேசியது. தட்டுப்பாடு இருந்தது உண்மை. இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது என்ற ஆய்வுச் சான்று இருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து நேர்மையாகச் சொல்லியிருந்தால் மக்கள் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது என் உறுதியான கருத்து. சுருக்கமாகச் சொல்கிறோம் என்று ஒன்றை மறைத்தால், மறைத்தது தெரியவரும் நாளில் சொன்னதும் சேர்ந்து போய்விடும்.

பதிவுத் தளத்துக்கு வருகிறேன். 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்றபோது, கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் என்பது விதி. தளம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் வேறு பல இந்திய மொழிகளைச் சேர்த்தபோது தமிழ் விடுபட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்தான் சேர்ந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் நாட்டில் 100-க்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். அப்படிப்பட்ட நாட்டில், ஒரு தளத்தின் வாசலில் நின்றுதான் உயிர் காக்கும் ஊசியைக் கேட்க வேண்டும் என்றால், அந்த வரிசையின் கடைசியில் யார் நிற்பார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோர் அமர்வு மே 31 உத்தரவில் இதைத்தான் கேட்டது. பார்வையற்றவர்கள் அந்தத் தளத்தைப் பயன்படுத்த முடியாமல் இருப்பதையும் அது சுட்டிக்காட்டியது. அதற்குச் சில நாள் முன்பே அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு அனுமதி வந்துவிட்டது. ஜூன் 21-க்குப் பிறகு அது எல்லோருக்கும் ஆனது. செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் நடந்த மாபெரும் முகாமில், ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்டன. ஊருக்குள் வந்து பெயர் கேட்டு ஊசி போட்டால் மக்கள் வருகிறார்கள்.

தளத்தில் பதிவு செய்தவர்களுக்கும் ஒரு குழப்பம் காத்திருந்தது. நான் இரண்டாம் தவணைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் எழுபது வயது ஆச்சி ஒருவர். சென்னையில் இருக்கும் பேரன் அவருடைய எண்ணிலேயே பதிவு செய்து கொடுத்திருந்தான். பணியிலிருந்த பெண், கைப்பேசிக்கு வந்த நான்கு இலக்கக் குறியீட்டைச் சொல்லுங்கள் என்றார். முன்பதிவு செய்துவிட்டு வராதவர்களுக்கும் ஊசி போட்டதாகச் செய்தி போன குளறுபடியைத் தடுக்க, மே 8-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆச்சி கைப்பேசியை மடியில் இறுக்கிக்கொண்டார். "யாரு கேட்டாலும் நம்பரச் சொல்லாதன்னு பேங்க்ல சொல்லிருக்காவ. நீ கேட்டா மட்டும் எப்படிம்மா சொல்ல?"

வரிசையில் சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அவர் மீது மரியாதைதான் வந்தது. அந்த அறையில் கற்றுக்கொடுத்த பாடத்தை மறக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஓடிபியைச் சொல்லாதே என்று ஒரு துறை மிரட்டுகிறது, குறியீட்டைச் சொல் என்று இன்னொரு துறை கேட்கிறது. எது எப்போது, எந்த வித்தியாசத்தால் என்று இரண்டு துறையும் விளக்கவில்லை. அதே மாதங்களில், தடுப்பூசிப் பதிவுக்கு என்று போலிச் செயலிகள் குறுஞ்செய்தி வழியாகப் பரவுவதாக எச்சரிக்கையும் வந்தது. விரலைக் கேமராவில் வைத்தால் ஆக்சிஜன் காட்டும் என்ற செயலிகளும் சுற்றின. ஆகவே அவருடைய சந்தேகம் வீணானதல்ல. "நீங்க தேடிப் போன இடத்துல, எதிர்ல நிக்கிற ஆள் கேட்டா சொல்லலாம் ஆச்சி. உங்களத் தேடி போன்ல வந்து கேட்டா சொல்லாதீங்க" என்றேன். யோசித்துவிட்டு, கைப்பேசியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். நான் சொன்னது எல்லா மோசடிக்கும் பொருந்தும் விதியல்ல. ஆனால் அந்த நேரத்தில் அவர் கையில் பிடித்துக்கொள்ள ஒன்று தேவைப்பட்டது.

நான் செய்த இன்னொரு பிழையையும் எழுதியாக வேண்டும். முன்பதிவு கட்டாயமாக இருந்த வாரங்களில், பட்டன் போன் வைத்திருந்த நான்கு பேரை என்னுடைய எண்ணிலேயே பதிவு செய்தேன். ஓர் எண்ணில் நான்கு பேர் என்பது அப்போதைய வரம்பு. உதவி செய்கிறோம் என்ற நிறைவு இருந்தது. நான்கு பேருக்கும் ஊசி கிடைத்தது. பிறகுதான் விளைவு தெரிந்தது. அவர்களுடைய இரண்டாம் தவணைச் செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. சான்றிதழ் என் எண்ணில் மட்டும் திறந்தது. ஒருவர் வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டு, மில் வாசலில் நின்றபடி சான்றிதழ் கேட்டு என்னை அழைத்தார். நான் அன்று ஒரு துக்க வீட்டில் இருந்தேன். இரண்டு மணி நேரம் அவர் வாசலில் நின்றார். அவருடைய உடல்நலப் பதிவுக்குத் திறவுகோல் என் சட்டைப்பையில் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேரைப் பதிவு செய்தோம் என்று எல்லோரும் கணக்குக் காட்டிய நாள்கள் அவை. அந்தக் கணக்கில், தன் கையால் தனக்கே பதிவு செய்துகொள்ளக் கற்றவர்கள் எத்தனை பேர் என்ற கட்டம் எங்கும் இல்லை.

அதன் பிறகு யாருடைய கைப்பேசியையும் நான் வாங்கிச் செய்து தருவதில்லை. கடையின் ஓரத்தில் ஒரு பெஞ்ச் போட்டேன். மதியம் இரண்டு முதல் நான்கு வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் வரச் சொல்வேன். அவர்கள் கையில் அவர்கள் கைப்பேசி, என் கை பின்னால். மெதுவாகத்தான் நடக்கும். பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது, செய்து கொடுப்பதைவிடக் கடினம். ஆனால் ஒருவர் கற்றுக்கொண்டால், அடுத்த ஆளுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார். தான் எங்கே திணறினோம் என்பது அவருக்கு மறந்திருக்காது. ஆக்சிமீட்டர் சிக்கலைத் தீர்த்ததும் அப்படி ஒருவர்தான். அந்த இரவைப் பற்றிக் கேள்விப்பட்ட குழுத் தலைவி ஒருவர், என்னிடமிருந்த இரண்டு கருவிகளையும் வாங்கி, எண் தெரியும் கட்டத்துக்கு மேலே தலா ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டை வைத்தார். "பொட்டு நெத்தியிலதான இருக்கும். பொட்டு மேல இருக்குற மாதிரி வச்சிப் பாக்கணும்னு சொல்லுங்க, போதும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் எண்ணைத் தலைகீழாகப் படிக்கவில்லை.

2022 ஜூலையில் பெரியவர்கள் எல்லோருக்கும் மூன்றாம் தவணை இலவசம் என்று அறிவித்தபோது, அந்த இரவு 98 என்று சொன்ன பெண்மணி பெஞ்சில் வந்து அமர்ந்தார். தன் பேரில், தன் எண்ணில், தானே பதிவு செய்ய வேண்டும் என்றார். கோவின் அப்போது அனுப்பிய ஓடிபி மூன்று நிமிடம்தான் செல்லுபடியானது. முதல் முறை, குறுஞ்செய்தியைப் பார்க்கப் போனவர் தளத்துக்குத் திரும்பி வர வழி தெரியாமல் நேரம் போய்விட்டது. இரண்டாம் முறை, ஓர் எண் மாறிவிட்டது. மூன்றாம் முறை, எண்ணை வெற்றிலைப் பெட்டி மூடியில் கரித்துண்டால் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். திரை திறந்தது. தன் பெயரைத் தேடி, ஆங்கிலத்தில் எது தன் பெயர் என்று என்னிடம் கேட்டு, அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கருவியில் பொட்டைத் தேடுவதைப் போலவே, கைப்பேசியை ஒருமுறை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, "இதுல தேதி எங்க இருக்கு அண்ணாச்சி?" என்றார்.